எக்கி நிற்பவர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் டியூஷன் சென்டர் பேனர்கள் விற்பது ஒரே சரக்கைத்தான்: புள்ளி. 'இயற்பியல் புரியும்' என்று எந்தப் பேனரும் சொல்லி நான் பார்த்ததில்லை. 'ஏ எடுக்கலாம்' என்றுதான் சொல்லும். எஸ்.டி.பி.எம் எழுதி, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து வேலைக்கு வந்தவன் நான். சனிக்கிழமைகளில் கிள்ளானில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை: ஒரு மாணவனின் புள்ளியை உயர்த்தும்போது நான் உண்மையில் எதை உயர்த்துகிறேன்? அதற்கு வேறு யாராவது விலை கொடுக்கிறார்களா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மெரிட் மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம். 2012 முதல் எஸ்.டி.பி.எம் மூன்று தவணைகளாக நடக்கிறது. முதல் இரண்டு தவணைத் தாள்களை மீண்டும் எழுதலாம். எது கூடுதலோ அது கணக்கில் வரும். ஆகவே புள்ளியை ஏற்றுவது குறுக்கு வழி அல்ல, தேர்வே திறந்து வைத்திருக்கும் கதவு. ஆனால் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ இருக்கும் இடங்கள் எண்ணி வைத்தவை. ஒருவன் 3.83-லிருந்து 4.00-க்கு ஏறினால், வரிசையில் இன்னொருத்தி ஓரடி பின்னால் போகிறாள். அவள் முகம் எனக்குத் தெரியாது என்பதால் அவள் இல்லை என்றாகிவிடாது.

தைப்பூசத்தன்று இரதம் வரும்போது முன்னால் நிற்பவர் எக்கிப் பார்ப்பார். பின்னால் இருப்பவரும் எக்குவார். கடைசியில் எல்லோருக்கும் கால் வலிதான் மிச்சம். யாருக்கும் கூடுதலாகத் தெரிந்திருக்காது. டியூஷனில் ஒரு பகுதி இப்படிப்பட்டதுதான்.

ஒரு பகுதி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துமலையில் கல்வி யாத்திரை நடத்தி, 'நான் படிப்பேன்' என்று பிள்ளைகளை உறுதி எடுக்க வைத்த இயக்கம் அது. தேறாமல் போயிருக்கக்கூடிய ஒரு பிள்ளை தேர்ச்சி பெற்றால் அதனால் யாரும் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. தேர்ச்சி என்பது கோடு. எத்தனை பேர் வேண்டுமானாலும் தாண்டலாம். தரவரிசை என்பது ஏணி. ஒரு படியில் ஒருவர்தான் நிற்க முடியும். இரண்டையும் 'புள்ளி' என்ற ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இன்னொரு குழப்பம் 'தகுதி' என்ற சொல்லில். மெரிட்டோகிரசி என்ற சொல்லை 1958-இல் மைக்கேல் யங் தன் நூலால் பரப்பியது கிண்டலாக. அதை நாம் கொள்கையாக எடுத்துக்கொண்டோம். 2002-இல் இன ஒதுக்கீட்டை நீக்கி, தகுதி அடிப்படையில் மாணவர்களை எடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. ஆனால் மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் எஸ்.டி.பி.எம்-மும், பெரும்பாலோர் ஒரே வருடத்தில் முடிக்கும் மெட்ரிகுலேஷனும் அதே 4.00 அளவில் ஒப்பிடப்படுகின்றன. வேலையிடத்தில் இரண்டு வேறு கருவிகளின் அளவீட்டை, ஒன்றோடொன்று சரிபார்க்காமல் ஒரே அட்டவணையில் போட்டால் என் மேலாளர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். மெட்ரிகுலேஷன் இடங்களை 2019-இல் 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். 90-க்கு 10 என்ற விகிதம் அப்படியே இருந்தது. இதையெல்லாம் பார்த்து வளரும் நம் வீட்டுப் பிள்ளை 'ஃபோர் ஃபிளாட்' கேட்பது பேராசையால் இல்லை, பயத்தால்.

அந்தப் பயம் வகுப்பில் இப்படிப் பேசும்: "அண்ணே, கான்செப்ட்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே. எது அடிக்கடி வருது, எப்படி எழுதுனா மார்க் போடுவாங்க, அத மட்டும் சொல்லுங்களேன்." அவனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் விடை எழுதும் முறையும் ஒரு மொழிதான். அக்கா அண்ணன் பல்கலைக்கழகம் போன வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அது தெரியாததால் ஐந்து புள்ளி குறைகிறது என்றால், அந்த ஐந்து புள்ளி காட்டுவது அவன் அறியாமையை அல்ல, அளவுகோலின் பிழையை. பிழையைத் திருத்துவதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஆனால் அதே வித்தையை, எல்லாம் ஏற்கெனவே வாய்த்த பிள்ளைக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது தெர்மாமீட்டரை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பது மாதிரி. எண் ஏறும், உடம்பில் மாற்றம் இருக்காது.

ஆகவே நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நான் சொல்லிக் கொடுக்கும் ஒன்றை நாளைக்கே நாட்டிலுள்ள எல்லா மாணவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டால், அதற்கு மதிப்பு மிஞ்சுமா? நியூட்டனின் விதி எல்லோருக்கும் புரிந்தாலும் அதன் மதிப்பு குறையாது. பாலம் கட்டவும் மோட்டார் ஓட்டவும் அது உதவிக்கொண்டே இருக்கும். 'இந்தச் சொல் இருந்தால் ஒரு புள்ளி' என்ற டிப்ஸ் எல்லோருக்கும் தெரிந்த அன்றே செத்துவிடும். முன்னது கல்வி. பின்னது வெறும் முந்தல்.

அப்படியானால் டிப்ஸ் சொல்லித்தர மாட்டேன் என்று நிற்கலாமா? அதுவும் சரியில்லை. என் கொள்கைக்கான விலையை என் மாணவன் கொடுக்கும்படி ஆகிவிடும்; தேர்வு எழுதப்போவது அவன், நான் இல்லை. மீதி இருக்கும் வழி ஒன்றுதான்: பதுக்காமல் இருப்பது. விடை எழுதும் முறைகளை ஒரே வகுப்பில் முடித்து, குறிப்பாக எழுதி, வாட்ஸ்அப்பில் விடுகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பச் சொல்கிறேன். மீதி வாரங்கள் எல்லாம் இயற்பியலுக்கு.

ஒரு தாய் கேட்டார்: "காசு கட்டுறவங்களுக்கும் கட்டாதவங்களுக்கும் ஒண்ணாலா, சார்?" நியாயமான கேள்வி. "இயற்பியல் வகுப்புக்குத்தான்மா காசு" என்றேன். அவருக்கு அது முழுதாக உடன்பாடில்லை. ஆனாலும் மகளை நிறுத்தவில்லை. அந்தக் குறிப்புகள் எல்லோர் கைக்கும் போனால் அவற்றுக்கு மதிப்பே இல்லாமல் போகும். போகட்டும். அதன் பிறகு மிஞ்சும் வித்தியாசமாவது அந்தப் பிள்ளைகளுடைய சொந்த வித்தியாசமாக இருக்கும்.