ஓடாத லூப்பைக் கண்டு ஓடாதே!

நிரல் எழுதப் பழகும் தம்பி, தங்கையே! சிவப்பு எழுத்தில் எரர் வந்தால் நீ பயப்படுவதில்லை. எந்த வரியில் தவறு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எரரே இல்லாமல் விடை மட்டும் தப்பாக வரும்போதுதான் ஆடிப்போகிறாய். "இந்தத் துறை எனக்குச் சரிப்படாது" என்று லேப்டாப்பை மூடப் போகிறாய். மூடாதே! உன்னை உண்மையான நிரலராக்கும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

பைத்தானில் ஓர் இட்டரேட்டர் கிளாஸ் எழுது. அது 1, 2, 3 என்று மூன்று எண்களைத் தர வேண்டும். இட்டர் மெத்தட் செல்ஃபைத் திருப்பித் தரட்டும். நெக்ஸ்ட் மெத்தட் அடுத்த எண்ணைத் தரட்டும். எண்கள் தீர்ந்ததும் ஸ்டாப்இட்டரேஷன் எழுப்பட்டும். ஃபார் லூப்பில் போட்டால் மூன்றும் ஒழுங்காக வரும். இப்போது புதிதாக ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, அதன் மேல் லூப்புக்குள் லூப் போடு. மும்மூன்று ஒன்பது ஜோடி வரும் என்று நினைப்பாய். வருவதோ இரண்டே ஜோடி: முதலில் 1, 2, அடுத்து 1, 3. அதோடு நிரல் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

ஏன்? வெளி லூப் 1ஐ எடுத்தது. உள் லூப் 2, 3 இரண்டையும் எடுத்தது. வெளி லூப் மறுபடி கேட்டபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு நடத்துநர்கள் ஒரே டிக்கெட் கட்டிலிருந்து கிழித்தால் என்ன ஆகும்? ஒருவர் கிழித்தது மற்றவருக்குக் கிடைக்காது. அதேதான் இங்கும். இன்னொரு புதிய ஆப்ஜெக்ட்டிடம் "2 உன்னிடம் உண்டா?" என்று இன் போட்டுக் கேள், ட்ரூ வரும். உடனே அதையே மறுபடி கேள், ஃபால்ஸ் வரும். தேடுவதற்கே அது எண்களைச் செலவழித்துவிட்டது!

பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு, இட்டர் மெத்தடில் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஒட்டுப்போடுவார்கள். அப்போது மூன்று ஜோடி வரும், ஒன்பது வராது. காரணம் தெரியாமல் போட்ட ஒட்டு நிலைக்காது. காரணத்தைப் பிடி! பைத்தானின் லிஸ்ட், ஒவ்வொரு லூப்புக்கும் புதிய இட்டரேட்டர் ஒன்றைக் கொடுக்கிறது. நீயும் அதையே செய். இட்டர் மெத்தடுக்குள் யீல்டு போட்டு எழுது. ஒவ்வொரு அழைப்புக்கும் தனி இட்டரேட்டர் பிறக்கும். ஒன்பது ஜோடியும் வரிசையாக வந்து நிற்கும்.

திகைப்பு உனக்கு மட்டும் வருவதல்ல. முன்பெல்லாம், யீல்டு போட்டு எழுதும் பைத்தான் ஜெனரேட்டருக்குள் ஸ்டாப்இட்டரேஷன் தவறுதலாக எழுந்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் லூப் பாதியில் நின்றுவிடும். அனுபவசாலிகளே இதில் தடுமாறினார்கள். 2014இல் இதைத் திருத்த பெப் 479 என்ற முன்மொழிவு வந்தது. அதை எழுதியவர்களில் பைத்தானைப் படைத்த கைடோ வான் ராசமும் ஒருவர். 2018இல் வெளியான பைத்தான் 3.7 முதல் அந்த இடத்தில் ரன்டைம்எரர் வெளிப்படையாக எழுகிறது. "இது ஏன் இப்படி?" என்று விடாமல் கேட்டவர்கள் மொழியின் விதியையே மாற்றிவிட்டார்கள்! அதே கேள்வி உன் நாவிலும் இருக்கிறது. அதை ஏன் விழுங்குகிறாய்?

கணினிக்கு உன் மேல் பகை கிடையாது. நீ எந்தக் கல்லூரியில் படித்தாய், ஆங்கிலம் எவ்வளவு பேசுவாய் என்று அது கேட்பதில்லை. எழுதிய விதிப்படி நடக்கிறது, அவ்வளவுதான். அந்த விதி யாருடைய சொத்தும் அல்ல. பைத்தான் ஆவணத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. அது உனக்கும் புரியும்!

ஆகவே, அடுத்த முறை லூப் எதிர்பாராமல் நின்றால் எழுந்து போகாதே. தரவை மூன்று எண்களாகச் சுருக்கு. இட்டர், நெக்ஸ்ட் இரண்டிலும் ஒவ்வொரு பிரிண்ட் வரி போடு. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று வரிவரியாகப் பார். ஓடவிடும் முன்பே விடையைத் தாளில் எழுதி, திரையில் வருவதோடு ஒப்பிடு. இரண்டும் பிரியும் வரியில் உன் விடை இருக்கிறது. ஊகத்தை விடு, சோதித்துப் பார்! காரணத்தை நீயே ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அந்த அறிவை எவராலும் உன்னிடமிருந்து பறிக்க முடியாது. உட்கார், தம்பி! எழுது, தங்கையே! இன்றே அந்த மூன்று எண்களில் தொடங்கு!