விருப்பமும் வரவு இடாப்பும்

மே மாதத்தின் காலை வேளை. அமெரிக்க நகரமொன்றின் புறத்தே அமைந்த மைதானத்தில் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்கள் பயிற்சிக்காகக் கூடுகிறார்கள். பருவத்தின் முதலாவது போட்டிக்கு இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் உண்டு. இந்தப் பயிற்சிக்கு வந்தேயாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. விரும்பியவர் வரலாம், விரும்பாதவர் வீட்டிலிருக்கலாம் என்று கூட்டு ஒப்பந்தம் தெளிவாகக் கூறுகிறது. ஆயினும் யார் வந்தார், யார் வரவில்லை என்ற செய்தி அன்று மாலையே பத்திரிகைகளில் வெளிவந்துவிடுவதுண்டு. வராத ஒருவரின் பெயரைச் சொல்லிப் பயிற்றுநரிடம் கேள்வி எழும்பும். அது அவருடைய விருப்பம் என்று அவர் விடையளிப்பார். அந்தக் குரலில் ஒலிப்பது மதிப்பா, மனக்குறையா என்று எல்லாரும் உற்றுக் கேட்பார்கள்.

விரும்பினால் வா என்று சொல்லிவிட்டு இடாப்புக் கூப்பிடுவது நேர்மையாகுமா? கட்டாயம் இல்லாத ஒன்றுக்கு வராமலிருப்பவன் தன் கடமையில் தவறியவனா? விளையாட்டுப் பக்கத்துக்குரிய சிறிய கேள்வி போலத் தோன்றினாலும், மனிதனுடைய சுதந்திரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற பழைய கேள்வியே இங்கு புதிய உடையில் வந்து நிற்கிறது.

ஆட்டமும் ஆண்டுச் சக்கரமும்

உதைபந்தாட்டம் என்றதும் நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டமே நினைவுக்கு வரும். அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறு. றகர் ஆட்டத்திலிருந்து பிறந்த அந்த ஆட்டத்தில் பந்தைக் கையிலேந்தி ஓடுவார்கள், முன்னோக்கி எறியவும் செய்வார்கள். தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த பதினொருவர் பதினொருவரோடு மோதுவர். அங்குள்ள தேசிய உதைபந்தாட்ட லீக்கில் 32 அணிகள் உள்ளன. போட்டிகள் செப்டெம்பரில் தொடங்கி, பெப்ரவரியில் நடைபெறும் இறுதிப் போட்டியுடன் நிறைவுறுகின்றன.

1960களில் பல வீரர்களுக்கு ஆட்டத்தால் வரும் ஊதியம் போதவில்லை. பருவம் முடிந்ததும் வேறு தொழில் பார்த்து, கோடை முகாமுக்கு வந்தபின்னரே உடலைத் தேற்றிக்கொண்டார்கள். ஊதியம் பெருகப் பெருகப் பயிற்சியும் ஆண்டு முழுவதும் பரவியது. ஓய்வுக்காலம் என்பது பெயரளவில் நின்றுவிடுமோ என்று வீரர்களின் சங்கம் அஞ்சியது. 2011ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம், பருவமல்லாக் காலத்துப் பயிற்சித் திட்டத்தை 14 வாரங்களிலிருந்து 9 வாரங்களாகக் குறைத்தது. முதலில் உடற்பயிற்சியும் வகுப்புகளும், அடுத்துச் சிறு குழுக்களாகப் பயிற்சி, இறுதியில் முழு அணியும் சேர்ந்து பயிலும் 10 நாட்கள் என்பது அதன் ஒழுங்கு. அந்த 10 நாட்களிலும் ஒருவரோடொருவர் மோதுதல் கூடாது. யூன் மாதத்துச் சிறு முகாம் ஒன்று மாத்திரமே கட்டாயமானது. ஏனையவை யாவும் விருப்பத்தின் பேரிலேயே.

பயன் உண்டா?

பயிற்சியால் பயனுண்டு என்பதை மறுப்பார் இல்லை. கட்டுவதனாலேயே ஒருவன் கட்டடக் கலைஞனாகிறான், யாழ் மீட்டுவதனாலேயே யாழ்ப் புலவனாகிறான், நற்பண்பும் அவ்வாறே பழக்கத்தால் வருகிறது என்று அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் விளக்குகிறார். இந்த ஆட்டத்தில் அது கண்கூடு. பந்தை எறிபவர், அதைப் பிடிக்கவிருப்பவர் திரும்பிப் பார்க்குமுன்னரே எறிந்துவிடுகிறார். இன்ன இடத்தில், இன்ன கணத்தில் அவர் திரும்புவார் என்ற நம்பிக்கையிலேயே பந்து கையைவிட்டுப் போகிறது. அந்த நம்பிக்கை பாடப்புத்தகத்தில் வராது. இருவரும் சேர்ந்து நூறு முறை தவறிய பின்னரே வரும்.

எனினும், இந்த வசந்தகாலப் பயிற்சிகள் இன்றியமையாதனவா என்று கேட்டால், அண்மைக்கால அனுபவம் ஒரே விடையைத் தரவில்லை. 2011 மார்ச் முதல் யூலை வரை, அணி உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்திக் கதவடைப்புச் செய்தார்கள். பயிற்சித் திட்டம் முற்றாக நின்றது. நியூ ஒர்லியன்ஸ் செயின்ற்ஸ் அணியின் ட்ரூ பிறீஸ், அந்நகரின் துலேன் பல்கலைக்கழக மைதானத்தில் தம் தோழர்களைத் தாமே கூட்டிப் பயிற்சி நடத்தினார். அவ்வாண்டுச் சம்பியனான கிறீன் பே பக்கர்ஸ் அணியினரோ அவ்வாறான பெரிய கூட்டுப் பயிற்சி எதையும் நடத்தவில்லை. பலரும் அவர்களைக் குறைகூறினர். பருவத்தின் முதற் போட்டியில் இவ்விரு அணிகளுமே சந்தித்தன. கிறீன் பே 42-34 என்ற கணக்கில் வென்றது. நாங்களும் பயிற்சி செய்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று அதன் தலைசிறந்த வீரர் ஆரன் ரொஜர்ஸ் கேலியாகக் கேட்டார். அப்பருவத்தில் கிறீன் பே 15 போட்டிகளில் வென்று ஒன்றில் மாத்திரம் தோற்றது. பயிற்சி செய்த நியூ ஒர்லியன்ஸ் அணியும் 13 வெற்றிகளைப் பெற்றது.

2020இல் கொரோனாத் தொற்றினால் வசந்தகாலப் பயிற்சிகள் மைதானத்தில் நடைபெறவில்லை. முன்னோட்டப் போட்டிகளும் கைவிடப்பட்டன. ஆயினும் அப்பருவத்தில் அணிகள் ஈட்டிய மொத்தப் புள்ளிகள் லீக்கின் வரலாற்றில் அதுவரை காணாத அளவாயின. இதைச் சுட்டிக்காட்டி, 2021 வசந்தத்தில் வீரர் சங்கம் தன் உறுப்பினர்களைப் பயிற்சிக்குச் செல்லாதிருக்குமாறு கேட்டுக்கொண்டது. பல அணிகளின் வீரர்கள் கூட்டறிக்கை விட்டனர். ஆனாலும் பலர் சென்றார்கள். ஏன் சென்றார்கள் என்பதிலேதான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது.

புயலில் அகப்பட்ட கப்பல்

வசந்தத்தில் ஓர் அணியில் 90 வீரர்கள் வரை இருப்பர். பருவம் தொடங்குமுன் அத்தொகை 53 ஆகக் குறைக்கப்படும். 37 பேர் பெயர் நீக்கப்படுவர். அவர்களிற் சிலர் பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்ளப்படலாம். ஏனையோர் வேறு வழி பார்க்க வேண்டும். உறுதியளிக்கப்பட்ட பெருந்தொகைக்கு ஒப்பமிட்ட புகழ்பெற்ற வீரர், நான் வரவில்லை என்று துணிந்து சொல்லலாம். தெரிவில் எவராலும் எடுக்கப்படாமல், உறுதியற்ற ஒப்பந்தத்துடன் அணியின் ஓரத்தில் நிற்கும் இளைஞன் அப்படிச் சொல்ல முடியுமா? சுதந்திரம் என்ற சொல் இருவருக்கும் ஒன்றே. அதைப் பயன்படுத்தக் கொடுக்கவேண்டிய விலை ஒன்றல்ல.

அரிஸ்டோட்டில் ஓர் உதாரணம் தருகிறார். புயலில் அகப்பட்ட கப்பலின் தலைவன், உயிரைக் காப்பதற்காகச் சரக்குகளைக் கடலில் எறிகிறான். அமைதியான நாளில் எவனும் அப்படிச் செய்யமாட்டான். அவன் விரும்பிச் செய்தானா, விரும்பாமற் செய்தானா? இது இரண்டும் கலந்த செயல், ஆயினும் விருப்பச் செயலின் பக்கமே சாரும் என்கிறார் அவர். புனித தோமஸ் அக்குவைனாஸும் இதே உதாரணத்தைக் கையாண்டு, அச்சத்தினாற் செய்யப்படும் செயல், செய்யப்படும் அந்தச் சூழ்நிலையில், விருப்பச் செயலே என்று கூறி, ஒரு வகையில் மாத்திரமே அது விருப்பமற்றது என்று பிரித்துக் காட்டுகிறார்.

இந்த அளவுகோலின்படி, ஓரத்தில் நிற்கும் இளைஞனும் தன் விருப்பத்தாலேயே மைதானத்துக்கு வருகிறான். எவரும் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவரவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. கடலில் வீசிய புயலை எந்த மனிதனும் உண்டாக்கவில்லை. இங்கே அச்சத்தை எழுப்புகிறவர் மனிதரே. தாமே புயலை மூட்டிவிட்டு, சரக்கை எறிந்தது நீயாகத்தானே என்று சொல்வது நியாயமாகாது.

அச்சத்துக்குக் காரணமும் உண்டு. 2021 மே மாதத்தில், சங்கத்தின் அழைப்பு நடைமுறையிலிருந்த வேளையில், டென்வர் பிறொங்கோஸ் அணியின் ஜவான் ஜேம்ஸ் என்ற வீரர் அணியின் நிலையத்துக்கு வெளியே பயிற்சி செய்தபோது அவரது குதிநாண் அறுந்தது. அணியின் இடத்துக்கு வெளியே நேர்ந்த காயத்துக்கு ஊதியம் வழங்கும் பொறுப்பு அணிக்கு இல்லை என்பது லீக்கின் நிலைப்பாடு. அணி அவரை விடுவித்தது. அவ்வாண்டுக்கு அவர் பெறவிருந்த ஏறத்தாழ 10 மில்லியன் டொலர் ஊதியம் கைநழுவியது. அந்தப் பிணக்குப் பின்னர் இணக்கத்தில் முடிந்தது. எனினும், வராதிருத்தல் உன் உரிமை, அந்த உரிமையின் ஆபத்தும் உன்னுடையதே என்ற பாடத்தை ஏனைய வீரர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

வருபவருக்கும் ஆபத்து இல்லாமலில்லை. தம் ஆர்வத்தைக் காட்டத் துடிக்கும் இளைஞர்களும், அதைக் காண விரும்பும் பயிற்றுநர்களும் கூடும் இடத்தில் விதிகள் எளிதில் மீறப்படும். மோதல் கூடாது என்ற விதியை மீறியதற்காக, 2016இல் சியாற்றில் சீஹோக்ஸ் அணிக்கு 400,000 டொலரும், அதன் பயிற்றுநருக்கு 200,000 டொலரும் தண்டம் விதிக்கப்பட்டன. புதிய வீரரொருவரைத் தெரிவுசெய்யும் உரிமையையும் அணி இழந்தது.

இருவேறு வசந்தங்கள்

அப்படியாயின் வராதிருப்பதே சரியா? ஒரே வீரருடைய வாழ்வில் நிகழ்ந்த இரு வசந்தங்களை எண்ணிப் பார்ப்போம்.

2018இல் ரொம் பிரேடி, தாம் நெடுங்காலம் ஆடிய நியூ இங்கிலாந்து பேற்றியற்ஸ் அணியின் விருப்பப் பயிற்சிகளுக்குச் செல்லவில்லை. ஆட்டத்துக்கே தம்மைக் கொடுத்து, இல்லத்தின் சுமையை மனைவிமீது விட்டுவிட்டதால் அவர் மனநிறைவின்றி இருந்தார் என்றும், அதனாலேயே அப்படிச் செய்ததாகவும் பின்னர் ஒரு வானொலி நேர்காணலில் மனந்திறந்து சொன்னார். அவர் வராத அந்தப் பருவத்திலும் அணி சம்பியனாயிற்று. அந்தத் திருமணம் 2022இல் முறிந்தது. அதன் காரணங்களை ஆராய்வது நம் வேலையன்று. ஆனால் இல்லம் தன் பங்கைக் கேட்டபோது, விருப்பப் பயிற்சியை விட்டுவிட்டதை எவரும் குற்றமாகச் சொல்ல முடியாது.

2020இல் அவர் டாம்பா பே பக்கனியர்ஸ் என்ற புதிய அணிக்குச் சென்றார். அங்கிருந்த பெரும்பாலானோருடன் அவர் ஆடிப் பழகியதில்லை. தொற்றினால் அணியின் நிலையம் பூட்டிக் கிடந்தது. 42 வயதான அவர், எவரும் ஏவாமலே, அந்நகரின் பாடசாலை மைதானமொன்றில் புதிய தோழர்களைக் கூட்டிப் பயிற்சி செய்தார். தொற்றுக் காலத்தில் அவ்வாறு கூடவேண்டாம் என்று சங்கத்தின் வைத்தியர் அறிவுறுத்திய பின்னரும் தொடர்ந்தது விவேகமா என்று கேட்க இடமுண்டு. ஆனால் அவரை அங்கு கொண்டுவந்தது இடாப்பு அன்று. இவர்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு இவர்களைத் தெரியாது என்ற தேவையே. 2021 பெப்ரவரியில் அந்த அணி சம்பியனாயிற்று.

ஒரே மனிதர் ஒரு வசந்தத்தில் வீட்டிலிருந்தார், மற்றொரு வசந்தத்தில் மைதானத்துக்கு வந்தார். இரண்டையும் தீர்மானித்தது அவருடைய உள்ளமே. தேவை எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க இடமிருப்பதுதான் விருப்பப் பயிற்சியின் பெறுமதி. வெற்றிக்கணக்கு அதற்குப் பின்னரே.

இரு கடமைகள்

பயிற்றுநருக்கும் ஒரு நியாயம் உண்டு. வந்து பழகியவன் திறமை பெற்றால் அவனைத் தெரிவதுதானே முறை, அது எப்படி வராதவனுக்குத் தண்டனையாகும் என்று அவர் கேட்கலாம். சரியான கேள்வி. பயிற்சியின் கனியும் வராமைக்கான தண்டனையும் ஒன்றல்ல. ஓகஸ்டில் மைதானத்தில் காணும் திறமையை அவர் தாராளமாக எடைபோடட்டும். அப்போது மே மாதத்து இடாப்பைப் புரட்டக்கூடாது. அவ்வளவுதான் நாம் கேட்பது. அந்தப் பயிற்சியின்றி அணி நடவாது என்று அவர் மெய்யாகவே எண்ணினால், அதைக் கட்டாயம் என்று வெளிப்படையாக அழைத்து, அதற்குரிய ஊதியத்தையும் காயத்துக்கான பொறுப்பையும் அணி ஏற்கச் செய்யட்டும். கட்டளையிடுவது தவறன்று. கட்டளைக்கு விருப்பம் என்று பெயர் சூட்டுவதே தவறு.

வீரருக்கும் கடமை உண்டு. குறிப்பாக, வராமலே இடத்தைக் காத்துக்கொள்ளக்கூடிய வலிய வீரருக்கு. எனக்கு இந்தப் பயிற்சி தேவையா என்று கேட்பதோடு அவர் நின்றுவிடலாகாது. என்னோடு பயில்வது யாருக்குத் தேவை என்றும் கேட்கவேண்டும். பந்தை எறியும் மூத்தவர் வராதபோது, அதைப் பிடிக்கக் கற்கவந்த இளையவன் யாரிடம் கற்பான்? 53 பேரில் ஒருவனாக அவன் நிற்பதும் 37 பேரில் ஒருவனாக வெளியேறுவதும் சில வேளை அந்தச் சில காலைகளில் தங்கியிருக்கும். இல்லத்தின் தேவை பெரிதாயின் இல்லத்திலிருக்கட்டும். சோம்பல் மாத்திரமே காரணமாயின் உரிமை என்ற சொல்லின் பின்னே ஒளியாதிருக்கட்டும்.

தடியால் அடித்துக் கனியைப் பழுக்கவைக்க முடியாது என்பார்கள் நம் பெரியோர். எண்ணிக்கைக்காக மைதானத்தில் நிறுத்தப்பட்ட 90 பேரைவிட, ஒருவர் மற்றவருக்காக வந்த முப்பது பேரிடம் அணி என்ற சொல்லுக்குப் பொருள் அதிகம். ஆதலால் பயிற்றுநர் இடாப்பை மூடி வைக்கட்டும். வலிய வீரர், எவரும் தம் பெயரைக் கூப்பிடாத அந்தக் காலையில், இளையவனுக்காக ஒருமுறை மைதானத்துக்கு வந்து நிற்கட்டும்.