நகரா விசை

கம்பர் சமாதியால் பெருமை பெற்ற நாட்டரசன்கோட்டையில், பழைய வீடொன்றின் முகப்பிலே, துருநீக்கி எண்ணெயிட்டுப் புது நாடா பூட்டிய கைப்பெட்டியளவான தமிழ்த் தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்தபோது, மௌனமென்பது ஓசையின்மைதானா என்ற வினா என்னுள் எழுந்தது. அச்சு காகிதத்தை அறையாமல் அழுத்துமாறு அமைத்து ஓசையை அடக்கிய ரெமிங்டன் பொறிகளும் உண்டு. ஆயினும் அதனினும் ஆழ்ந்த மௌனத்தை, 1886இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு வகுத்தளித்த நகரா விசையிலே காண்கிறேன். ‘க்’ என அடிக்கப் புகுவோன் முதலில் புள்ளியை இடுகிறான். விசை ஒலிக்கிறது, உருளையோ அசையாது நிற்கிறது. பின்னர்க் ககரம் அப்புள்ளியின் கீழ் வந்தமர்ந்த பிறகே உருளை நகர்கிறது. புள்ளியின்றி மெய் இல்லை. அப்புள்ளியோ சலனமின்றிப் பிறப்பது. கருமத்தின் ஆரவாரத்திடையே சித்தம் சலியாது நிற்குமாயின், இவ்வூர்க் கண்ணுடையநாயகி அம்மன் சந்நிதியில் மணி முழங்கும் வேளையிலும் ஒருவன் மௌனியாகவே இருத்தல் கூடும்.