இத்தாவும் சம்பளப் பட்டியலும்

ஒரே ஆண்டில் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் விதவைகளானார்கள். ஒருவர் என் ராத்தா, அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. மற்றவள் நான் கணக்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த துணிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தவள்.

ராத்தா நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டிலேயே இருந்தார். முஸ்லிம் பெண் அரச ஊழியருக்கு இத்தாவுக்கென்றே தாபன விதிக்கோவையில் விசேட லீவு உண்டு. அவருடைய சம்பளம் நிற்கவில்லை. மற்றவளோ பதினேழாம் நாள் கடைக்கு வந்துவிட்டாள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும், சொந்தத் தேவைகளுக்கென 7 நாள் லீவும் தருகிறது. மரணத்துக்கென்று தனியே ஒரு நாளும் அதில் இல்லை. அவளுக்கு எஞ்சியிருந்த நாட்களைக் கூட்டிச் சொன்னவன் நான்தான். "அதுக்கு மேல முதலாளிட மனசு" என்றும் சொன்னேன்.

'இத்தா இருக்கத் தெரியாதவள்' என்று ஊர் பேசியது. நான் வாய்திறந்து சொல்லவில்லை, மனதுக்குள் சொன்னேன். ஒருநாள் ராத்தாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்குப் பொறுமை இல்லையெண்டு சொல்லாத தம்பி. எனக்குச் சம்பளம் வந்தது."

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு கடமையை ஒருவர்மீது சுமத்தும் சமூகம், அதை நிறைவேற்றும் வழியையும் அவருக்குத் தர வேண்டாமா? தேவைக்காக விதவை பகலில் வெளியே செல்ல பிக்ஹு நூல்கள் இடம் தருகின்றன. மார்க்கம் காட்டிய அந்தச் சலுகையை நாம் காட்டவில்லை. நாம் கொடுத்தது கண்டனம் மட்டுமே.

சிறிய கடைக்காரர் நான்கு மாதச் சம்பளத்துக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சுமை எங்கும் மறைந்துவிடுவதில்லை. முதலாளி சுமக்காததை விதவை சுமக்கிறாள். அரசும் முதலாளியும் மஹல்லாவும் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒன்றை, தாங்கச் சக்தி மிகக் குறைந்தவளின் தலையில் வைத்துவிட்டு அதைத் தலைவிதி என்கிறோம்.

சட்டம் மாறாத ஒன்றல்ல. மூன்றாவது குழந்தை பெற்ற தனியார்துறைத் தாய்க்கு 42 நாள்தான் என்றிருந்தது. 2018இல் வந்த திருத்தங்கள் எத்தனையாவது குழந்தையானாலும் 84 நாள் என்றாக்கின. பிறப்புக்குத் திருத்த முடிந்த சட்டத்தை இறப்புக்கும் திருத்தலாம்.

அதுவரை முதலாளியின் மனசு இருக்கிறதே என்பார்கள். மனசு நல்லதுதான். ஆனால் மனசால் கிடைக்கும் நாளுக்கு நன்றிக்கடன் உண்டு. மறுமுறை கேட்கக் கூச்சமும் உண்டு. உரிமையாகக் கிடைக்கும் நாளில்தான் ஒரு பெண் யாருக்கும் தலைகுனியாமல் அழ முடியும்.

இரண்டு பெண்களுக்கும் மார்க்கம் ஒன்று, துக்கம் ஒன்று. பொறுமையும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். சம்பளப் பட்டியல்தான் வேறு. அந்தப் பட்டியலை எழுதிய கை என்னுடையது. கடை வைத்திருக்கும் வாசகர்களே, அடுத்த மௌத்துச் செய்தி உங்கள் ஊழியர் வீட்டிலிருந்து வரும்போது, நாட்களை எண்ணுவதற்கு முன் ஒரு கணம் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை.