நீர் இறங்கிய ஆழம்

மோட்டார் ஓடுகிறது; தண்ணீர் ஏறவில்லை. திருப்பூரில் இந்தக் கவலையை அறியாத வீடு குறைவு. புட்வால்வைச் சந்தேகிக்கிறோம், கெப்பாசிட்டரை மாற்றுகிறோம், காற்றுப் பிடித்திருக்கும் என்று குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறோம். பெரும்பாலும் பழுது அங்கேயே அகப்பட்டுவிடும். அகப்படாதபோது மெக்கானிக் சொல்கிறார்: "மோட்டார்ல ஒண்ணும் இல்லைங்க, தண்ணி கீழ போயிருச்சு." அதைச் செவியில் வாங்குகிறோம், சிந்தையில் வாங்குவதில்லை.

கலிலியோ 1638இல் வெளியிட்ட உரையாடல் நூலிலும் இப்படி ஒரு தொழிலாளி வருகிறார். பம்பைச் சரிசெய்ய அழைக்கப்பட்டவர், பழுது பம்பில் இல்லை, நீர்தான் இறங்கிவிட்டது, பதினெட்டு முழத்துக்கு மேல் அதை உறிஞ்ச முடியாது என்கிறார். ஏன் என்பதை 1644இல் இயற்பியலாளர் டாரிசெல்லி விளக்கினார். பம்பு நீரை இழுப்பதே இல்லை. அது ஒரு வெறுமையை மட்டும் உண்டாக்குகிறது. வெளியே உள்ள காற்றின் எடைதான் நீரை மேலே தள்ளுகிறது. அந்த எடை சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு மேல் நீரைத் தாங்காது. நம் இயந்திரத்தின் வலிமை என்று நாம் எண்ணியிருந்தது, எல்லோருக்கும் பொதுவான காற்று தந்த கொடை.

அந்த எல்லையை நாம் தாண்டிவிட்டோம். கோவையில் செய்யப்படும் நீர்மூழ்கி மோட்டார் ஆழ்துளைக்குள் இறங்கி, அடியிலிருந்து நீரைத் தள்ளுகிறது. பெரிய வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்து மீட்டரில் 'போதும்' என்று இயற்கை சொன்ன சொல்லை, நூற்றுக்கணக்கான அடி போட்ட போர் நம் காதில் விழாமல் செய்துவிட்டது; எல்லை மறையவில்லை, நம் கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்குத் தள்ளிப்போய், தன் வீட்டுச் சுவருக்குள் துளையிட்டதால் நீரும் தன்னுடையதே என்று ஒவ்வொருவரும் நம்பும் மயக்கத்தை மட்டும் விட்டுச்சென்றது.

அந்த மயக்கத்தின் விலையை நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகள் கொடுத்தார்கள். பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கியது. அவர்கள் மோட்டாரில் பழுதில்லை. கிணற்றில் நீரும் இருந்தது. பயிர் அதை ஏற்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, பனியன் தொழிலை நம்பிய தொழிலாளர்கள் வேலையின்றி நின்றார்கள். ஒருவர் சாக்கடையில் விட்டது இன்னொருவர் கிணற்றில் ஊறுகிறது, அந்தக் கிணற்றின் துயரம் மூன்றாமவர் கூலியில் வந்து நிற்கிறது என்றால், தனித்தனிக் குழாய்களாகத் தோன்றும் நம் வாழ்வுகள் நிலத்தடியில் ஒரே நீராகவே இருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவமும் நமக்குச் சொல்லிவிட முடியாது.

இந்தப் பகுதி அறுபது ஆண்டுகள் கேட்டுக் காத்திருந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பவானி நீரைப் பம்பு செய்து 1,045 குளம் குட்டைகளில் நிரப்பும் திட்டம் அது. அந்தக் குளங்களுக்குள் கழிவு போகாமல் காப்பது இனி நம் பொறுப்பு. 2003இல் தமிழகம் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்புக் குழி உங்கள் வீட்டில் மூடிக்கிடந்தால் இந்த ஐப்பசிக்குள் தூர்வாருங்கள். போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று ஆண்டுக்கொரு முறை அளந்து, பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.