கட்டுச்சோறும் திரும்பும் நாளும்

பயணம் புறப்படுகிறவர்களில் இரு வகையினரைக் காண்கிறோம். ஒருவர் வீட்டையே மூட்டையாகக் கட்டித் தோளில் ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறார். மற்றவர், போகுமிடத்தில் எல்லாம் கிடைக்கும் என்று வெறுங்கையை வீசிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். முன்னவரைக் கோழை என்றும் பின்னவரைத் துணிவுள்ளவர் என்றும் உலகம் எளிதாகப் பெயர் சூட்டிவிடுகிறது. இந்தப் பெயர் சூட்டல் சரிதானா? முன்னேற்பாடு என்பது அச்சத்தின் பிள்ளையா, அறிவின் பிள்ளையா? அதைச் செய்வதும் செய்யாததும் அவரவர் விருப்பமா, அல்லது அது பிறருக்கு நாம் பட்டிருக்கும் கடனா? இவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

நம் ஊர்ப் பயணங்களில் இக்கேள்விகளுக்கு விடை தெளிவாய்க் கிடைப்பதில்லை. பத்துக் கல் தொலைவுக்கு ஒரு தேநீர்க் கடை. வண்டி நின்றால் தள்ளிவிட நாலு பேர். வழி தவறினால் சொல்லித்தர ஒரு பெரியவர். ஏற்பாடு செய்யாதவனின் குறையை இங்கே ஊரார் ஈடு செய்துவிடுகிறார்கள். ஊரே இல்லாத இடத்திற்குச் சென்றால்தான் ஏற்பாட்டின் உண்மை உரு நமக்குப் புலப்படும்.

அப்படி ஓரிடம் கனடா நாட்டின் வடகோடியில் இருக்கிறது. யூக்கான் பகுதியில் டாசன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஒரு சாலை பிரிந்து வடக்கு நோக்கிச் செல்கிறது. டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்பது அதன் பெயர். 1959-இல் தொடங்கி 1979-இல் முடிக்கப்பட்ட அச்சாலை, ஏறத்தாழ 740 கிலோமீட்டர் ஓடி, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, மெக்கன்சி ஆற்றின் கழிமுகத்திலுள்ள இனுவிக் என்னும் சிற்றூரை அடைகிறது. அங்கிருந்து வடகடற்கரையிலுள்ள டுக்டோயாக்டுக் வரை 2017-ஆம் ஆண்டு நவம்பரில் மற்றொரு சாலையும் திறக்கப்பட்டது. வழியில் பெரும்பகுதி சரளைக் கல்லும் மண்ணுமே. அந்நிலத்தின் அடியில் என்றும் உருகாத பனி உறைந்து கிடக்கிறது. சாலையின் சூடு பட்டு அது உருகினால் சாலையே உள்வாங்கிவிடும். ஆகவே ஓர் ஆள் உயரத்துக்குச் சரளையைக் கொட்டி, அந்தப் பனிக்கு ஒரு போர்வை போர்த்தியதுபோல் மேடாக்கி, அதன்மேல் பாதை அமைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு கோடையிலும், மோட்டார் சைக்கிளில் கூடாரத்தையும் படுக்கைப் பையையும் கட்டிக்கொண்டு இவ்வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் பலர். வணிகமோ உத்தியோகமோ அவர்களை அழைக்கவில்லை. அந்த நிலத்தைக் காண வேண்டுமென்ற ஆவலே அழைத்துச் செல்கிறது. அப்பயணத்திற்கு அவர்கள் செய்யும் ஏற்பாடுகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு பாடமாக இருக்கிறது.

முதலாவது, பெட்ரோல் கணக்கு. சாலை பிரியும் இடத்திலிருந்து 369-ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸில்தான் அடுத்த பெட்ரோல் கிடைக்கும். டாசனில் நிரப்பிக்கொண்டு வந்தால் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது. பல மோட்டார் சைக்கிள்களின் தொட்டி அத்தனை தொலைவுக்குப் போதாது. எனவே தனிக் கலத்தில் எண்ணெய் சுமக்க வேண்டும். இரண்டாவது, டயர். கூரிய சரளை அதைக் கிழிக்கும். பஞ்சர் ஒட்டும் சாமானும், காற்றடிக்கும் பம்பும், அவற்றைக் கையாளும் பழக்கமும் வேண்டும். மூன்றாவது, ஆறுகள். பீல் ஆற்றையும் மெக்கன்சி ஆற்றையும் கோடையில் மிதவைப் படகிலும் குளிர்காலத்தில் உறைந்த பனியின் மீதும் கடக்கிறார்கள். பனி உடையும் காலத்திலும் உறையும் காலத்திலும் கடக்க வழியே இல்லை. ஆறு பெருகினால் கோடையிலும் படகு நின்றுபோகும். ஆகவே திட்டத்தில் சில நாட்களைக் காரியம் ஏதுமின்றி வெறுமையாகவே விட்டுவைக்க வேண்டும். நான்காவது, கதிரவன். இனுவிக்கில் கோடையில் ஏழெட்டு வாரங்கள் சூரியன் மறைவதே இல்லை. இருட்டு வந்து "போதும், நில்" என்று சொல்லாத நாட்டில், நிற்கும் நேரத்தை மனிதன் தானே விதித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் களைப்பு தெரியாமலே வண்டியோட்டிக் கண்ணயர்ந்து விழுவான்.

இத்தனையும் கணக்கிடுவதைக் கண்டு, "இறைவன்மீது பாரத்தைப் போட்டுவிட்டுப் போகத் தெரியாதவர்கள்" என்று நம்மவர் சிலர் நகைக்கக்கூடும். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை அறியாதவர் நம்மில் எவருமில்லை. அறிந்திருந்தும், சோம்பலுக்குத் தவக்குல் என்னும் உயர்ந்த பெயரைச் சூட்டும் வழக்கம் நம்மை விட்டு முற்றும் நீங்கியபாடில்லை. கையால் ஆவதைச் செய்து முடித்த பின்னரே, கைக்கு எட்டாததை ஒப்படைத்தல் என்பதற்குப் பொருள் உண்டு. செய்யாததை ஒப்படைப்பது, வேலையைத் தட்டிக் கழிப்பதன் வேறு பெயரேயாகும்.

ஆனால் ஏற்பாடு என்பது சுமையைப் பெருக்குவது என்று கொண்டாலும் பிழையே. அச்சாலைக்கு டெம்ப்ஸ்டர் என்று பெயர் வந்த வரலாற்றைக் கேட்டால் இது விளங்கும்.

1910-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், கனடாவின் குதிரைப் போலீஸ் படையைச் சேர்ந்த இன்ஸ்பெக்டர் பிரான்சிஸ் ஃபிட்ஜெரால்டு மூன்று துணைவர்களுடன் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குப் புறப்பட்டார். நாய்கள் இழுக்கும் பனிவண்டிகளில் தபால் கொண்டுசெல்லும் ரோந்து அது. ஏறத்தாழ 760 கிலோமீட்டர் தொலைவு. ஃபிட்ஜெரால்டு வடதிசைக்குப் புதியவரல்லர். ஆண்டுகள் பல அங்கே பணியாற்றியவர். 1911-இல் லண்டனில் நிகழவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குச் செல்லும் படையணியில் அவருக்கும் இடமிருந்தது. இதுவரை எவரும் சென்றிராத விரைவில் டாசனை அடைய வேண்டுமென்று அவர் விரும்பினார். விரைவு வேண்டுமாயின் சுமை குறைய வேண்டும். ஆகவே வழக்கத்தைவிடக் குறைவான உணவையே ஏற்றிக்கொண்டார்.

வழிகாட்டியாக வந்த கார்ட்டர், அப்பாதையில் சில ஆண்டுகளுக்குமுன் ஒரே ஒரு முறை, அதுவும் எதிர்த்திசையில், சென்றவர். இடையே, அம்மண்ணின் மக்களாகிய குவிச்சின் இனத்தைச் சேர்ந்த ஏசா ஜார்ஜ் என்பவரைச் சில நாட்களுக்கு அமர்த்திக்கொண்டார்கள். புத்தாண்டு நாளன்று அவருக்குரிய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன்பின் திரும்ப வேண்டிய ஓடை எது என்று தெரியவில்லை. உறைபனியின் கொடுங்குளிரில் நாட்கணக்காகத் தேடினார்கள். ஜனவரி 18-ஆம் நாள் வந்தவழியே திரும்பத் தொடங்கியபோது உணவு ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. வண்டியிழுத்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று உண்டு நடந்தார்கள். பிப்ரவரியில் நால்வரும் மாண்டனர். ஃபிட்ஜெரால்டும் கார்ட்டரும் விழுந்துகிடந்த இடம் புறப்பட்ட ஊருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. எரிந்த குச்சியின் கரியால் எழுதிய மரண சாசனம் ஒன்று ஃபிட்ஜெரால்டின் சட்டைப்பையில் கிடைத்தது. தம் உடைமை அனைத்தையும் தாயாருக்கு விட்டுச் சென்றிருந்தார் அவர்.

வரவேண்டியவர்கள் வராததால் அவர்களைத் தேடி பிப்ரவரி இறுதியில் டாசனிலிருந்து புறப்பட்டவர் கார்ப்பரல் டெம்ப்ஸ்டர். குவிச்சின் இனத்தவரான சார்லஸ் ஸ்டூவர்ட் உடன் சென்றார். மார்ச்சு மாதத்தில் உடல்களைக் கண்டெடுத்தார்கள். அந்த நால்வரும் ஃபோர்ட் மெக்பெர்சனில் அடக்கம் செய்யப்பட்டனர். அதன்பின் அவ்வழியில் உணவுச் சேமிப்புகள் வைக்கப்பட்டன. பாதை நன்கு அடையாளமிடப்பட்டது. சாலைக்கு இட்ட பெயர், தேடிச் சென்றவரின் பெயர்.

மாண்டவர்களைக் கூண்டிலேற்றுவது நமக்கு அழகன்று. அவர்களின் மனவுறுதியை எவரும் குறைகூற முடியாது. எனினும் அவர்களுடைய முடிவிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் மூன்று. சுமையைக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் எதற்காகக் குறைக்கிறோம் என்பதைக் கேட்டாக வேண்டும். பாதைக்கு வேண்டாததை விடுவது அறிவு. புகழுக்காகப் பாதைக்கு வேண்டியதை விடுவது செருக்கு. இரண்டும் தராசில் ஒரே எடைதான் காட்டும். அடுத்து, ஏற்பாடுகளில் தலையாயது பொருள் அன்று. தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளும் மனம். பையில் இன்னும் பத்துச் சேர் மாவு இருந்திருந்தால் சில நாட்கள் கூடியிருக்கும். வழி தெரிந்த அந்த மனிதர் உடனிருந்திருந்தால் ஊரே போய்ச் சேர்ந்திருக்கலாம். மூன்றாவது, திரும்பும் நாளைப் புறப்படும் முன்பே குறித்துவிட வேண்டும். பனியில் நின்று, "இன்னும் ஒரு நாள் தேடிப் பார்ப்போம்" என்று எண்ணும் மனம் நடுநிலையான நீதிபதியன்று. வீட்டுத் திண்ணையில் அமைதியாய் இருக்கும்போது செய்த தீர்ப்பே அங்கே நம்மைக் காப்பாற்றும்.

இனி, ஏற்பாடு யாருக்குப் பட்ட கடன் என்னும் கேள்விக்கு வருவோம். "என் உயிர், என் விருப்பம், நான் விழுந்தால் நானே விழுகிறேன்" என்பார்கள் சிலர். கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. ஆனால் தனியாக விழுகிற மனிதன் எவன்? வீட்டில் காத்திருக்கும் தாயும் மனைவி மக்களும் அவனோடு விழுகிறார்கள். இன்று செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் உதவி கோரும் செய்தி போய்விடும். ஆனால் அச்செய்தி கேட்டுப் புறப்படுகிறவன் எந்திரமல்லன். அவனும் ஒரு தாயின் மகன். நம்முடைய அசட்டையைச் சரிசெய்ய அவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். அவனுக்கு வேலை வைக்காமல் வருவதே அவனுக்கு நாம் செலுத்தும் முதல் நன்றி.

மனிதருக்கு மட்டுமன்று, அந்த மண்ணுக்கும் கடன் உண்டு. சமைப்பதையும் உணவு வைப்பதையும் கூடாரத்திற்கு வெகு தொலைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. கரடிக்குப் பயந்து செய்த விதி என்று தோன்றும். ஆனால் மனிதனின் உணவை ஒருமுறை சுவைத்த கரடி மீண்டும் மீண்டும் கூடாரங்களைத் தேடி வரும். முடிவில் அதைச் சுட்டுக் கொல்ல நேரிடும். ஒருவர் சிந்திய எச்சிலுக்கு ஒரு விலங்கின் உயிரும், அடுத்து வந்து தங்குபவரின் பாதுகாப்பும் விலையாகின்றன. சாலையை விட்டிறங்கித் துந்திர நிலத்தில் வண்டியை ஓட்டினால் அந்தச் சக்கரத் தடம் பல்லாண்டுகள் ஆறாத புண்ணாய் நிற்கும். நாம் போனபின் நம்மைப் பற்றிச் சொல்ல அந்நிலத்திடம் எதுவும் இல்லாதிருப்பதே நல்ல விருந்தாளிக்கு அடையாளம்.

இங்கே ஒரு தடை எழலாம். கடமைக்காகச் சென்ற ரோந்துப் படையினருக்குக் காரணம் இருந்தது. வெறும் ஆவலுக்காக இத்தனை இடர்களை ஏற்பது முறையா? அந்தப் பணத்தையும் உழைப்பையும் நல்லதொரு காரியத்திற்குச் செலவிடலாகாதா? இத்தடையை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. குடும்பத்தைக் கடனில் ஆழ்த்திவிட்டு, பொறுப்பைக் கைவிட்டுச் செல்லும் பயணம் எத்திசையில் சென்றாலும் முறையற்றதே. ஆனால் ஆவல் என்பதை இழிந்ததாகக் கருதுவதும் தகாது. பூமியில் சுற்றித் திரிந்து பார்த்துச் சிந்திக்கும்படி நம் மார்க்கமே தூண்டுகிறது. கடமையைச் செய்துவிட்டு, கடனைத் தீர்த்துவிட்டு, பிறர்மீது பாரம் ஏற்றாமல் செல்பவனின் ஆவலுக்கு நாம் தடை சொல்வதற்கில்லை.

மற்றொரு தடையும் உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்துவிட்டால் பயணத்தில் புதுமை என்ன மிஞ்சும்? உண்மைதான், ஒவ்வொரு நாழிகையையும் எழுதிவைத்துப் போகிறவன் தன் காகிதத்தைத்தான் பார்க்கிறான், மலையைப் பார்ப்பதில்லை. தேவைக்குத் திட்டம் வேண்டும். காட்சிக்குத் திட்டம் வேண்டாம். எண்ணெய்க் கணக்கு சரியாக இருப்பவனே, வழியில் காரிபூ மான்கூட்டம் கடந்து போவதை இஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கணக்காய்ப் பார்த்திருக்க முடியும். எண்ணெய் போதுமா என்ற கவலையில் ஓடுகிறவனுக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

அவ்வழியின் முடிவிலுள்ள இனுவிக்கில் நமக்கு உவகை தரும் செய்தி ஒன்று உண்டு. அங்கே வாழும் சிறு தொகையினரான முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் இல்லாதிருந்தது. வடதிசையில் கட்டடப் பொருள்களின் விலை மிக அதிகம். ஆகவே தெற்கே வினிபெக் நகரில் ஒரு சிறு பள்ளியைக் கட்டிமுடித்து, லாரியிலும் பின் மெக்கன்சி ஆற்றில் மிதவையிலும் ஏற்றி, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கொண்டுசென்றார்கள். ஆறு உறைவதற்குள் சேர்க்க வேண்டும். தவறினால் அடுத்த கோடைதான். 2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது ஊர் சேர்ந்தது. நவம்பரில் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. அந்தப் பள்ளியைக் கொண்டுசென்றவர்களின் உள்ளத்தில் இறை நம்பிக்கை இருந்தது. கையில் ஆற்றின் நாட்கணக்கும் இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குப் பகையாக இருந்ததாகத் தெரியவில்லை.

வடதுருவத்தருகே மோட்டார் சைக்கிளில் போகும் வாய்ப்பு நம் வாசகர்களில் மிகச் சிலருக்கே வாய்க்கலாம். ஆனால் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து செல்லும் பிள்ளைகள் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. புதிய தொழிலில் முதலிடுவதும், தெரியாத ஊரில் குடியேறுவதும் பயணங்களே. பெட்டியில் என்ன வைத்தாய் என்று மட்டும் அவர்களைக் கேட்டு நிறுத்திவிடுகிறோம். அவ்வூரில் வழி தெரிந்தவர் யாரைக் கேட்டாய், உனக்கு ஒன்று நேர்ந்தால் பாரம் யார்மீது விழும், எந்த நிலை வந்தால் நாணாமல் திரும்பி வருவாய் என்னும் மூன்றையும் சேர்த்துக் கேட்டு அனுப்புவோமாக. திரும்பி வருபவனைத் தோற்றவன் என்று ஏளனம் செய்யாத வீடாக நம் வீட்டை வைத்திருப்பதும் அவனுக்கு நாம் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறுதான்.