பத்தாயிரத்துப் பத்து மீட்டர்

முறைப்படி அளந்த ஒரு பத்து கிலோமீட்டர் சாலை ஓட்டப் பாதையின் நீளம் 10,010 மீட்டர். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்றால் 5,005 மீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டித்தான் பாதையை வகுக்க வேண்டும் என்பது உலகத் தடகள அமைப்பு ஏற்றுக்கொண்ட நடைமுறை. அளப்பதில் கைப்பிசகு நேர்ந்தாலும் பாதை ஓரிரு மீட்டர் கூடலாமே தவிர ஒரு சாண்கூடக் குறையக் கூடாது. 'இதுதான் நான் ஓடியதிலேயே நல்ல நேரம்' என்று ஓர் ஓட்டக்காரர் சொல்லும் எண்ணை, அவர் பார்த்தே இராத இந்தக் கண்டிப்புதான் தாங்கி நிற்கிறது.

அந்தக் கண்டிப்பைச் சாலையில் நிறைவேற்றுபவர் சைக்கிளில் வருகிறார். போக்குவரத்து ஓய்ந்த நேரமாகப் பார்த்து, பெரும்பாலும் விடியலுக்கு முன் வருவார். முன்சக்கரத்தின் அச்சருகே ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சிறு கருவி பொருத்தியிருக்கும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆலன் ஜோன்ஸ் உருவாக்கியது அது. சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் இருபதுக்கு மேல் எண்கள் நகர்ந்துவிடும். ஓர் எண் நகர்ந்தால் சாலையில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் கடந்ததாகக் கணக்கு. எஃகு நாடாவால் அளந்து குறித்த ஒரு நேர்கோட்டில் முதலில் நான்கு முறை மிதித்துத் தன் சக்கரத்தின் கணக்கைத் தெரிந்துகொள்கிறார். பிறகு பந்தயப் பாதை முழுவதையும், வளைவுகளில் ஓரக்கல்லை விட்டு 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுபவருக்கு வாய்க்கக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே அளக்கிறார். முடித்த பிறகு மறுபடியும் அதே நேர்கோட்டில் நான்கு முறை. வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று விரியும், சக்கரத்தின் சுற்றளவு மயிரிழை அளவு மாறும். அந்த மாற்றமும் கணக்கில் சேர வேண்டும்.

கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டி ஓடுபவர்களில் பலர் பந்தயம் முடிந்ததும் பாதை நீளமாகிவிட்டது, 10.1 காட்டுகிறது என்று குறைப்படுவதுண்டு. வளைவை அகலமாக எடுத்தது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடியது, கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறியது எல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கும். இரண்டு அளவுகளில் நம்ப வேண்டியது சைக்கிள்காரர் அளந்ததைத்தான்.

பிரிட்டனில் ஜான் ஜுவெல் 1961-இல் இந்தச் சைக்கிள் முறையை ஆராய்ந்து எழுதினார். அமெரிக்காவில் அதை வேரூன்றச் செய்தவர் டெட் கார்பிட். அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பேரன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மாரத்தானில் ஓடியவர். பிழைப்புக்கு பிசியோதெரபி பார்த்தவர். தன் நிறத்தால் பல கதவுகள் மூடப்பட்ட நாட்டில் வளர்ந்த ஒருவர், யார் ஓடினாலும் ஒரே நீளமாக இருக்கும் ஒரு சாலைக்காக இவ்வளவு உழைத்தார் என்பது மனத்தில் நிற்கும் செய்தி.

அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 1981 நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடினார். உலகிலேயே சிறந்த நேரம் என்று கொண்டாடினார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பாதையை மறுபடி அளந்தபோது சுமார் 148 மீட்டர் குறைந்தது. அந்த நேரம் சாதனைப் பட்டியலில் நிற்கவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தானில் நடந்தது இன்னும் பெரிது. 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளும் பாதை 380 மீட்டர் குறைவாக இருந்தது என்று 2016-இல் தெரியவந்தது. சுமார் 24,000 பேரின் நேரங்கள் செல்லாதவையாயின. அவர்களில் ஆகப் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மிச்ச நேரத்தில் ஓடிய சாதாரண மனிதர்கள்.

அவர்கள் எதை இழந்தார்கள்? பதக்கத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பயிற்சியில் ஏறிய கால்வலு எங்கும் போய்விடவில்லை. குளிரில் எழுந்து ஓடிய காலைகளும் அவர்களுடையவையே. போனது ஓர் எண் மட்டும். 'உடம்புக்காகத்தானே ஓடுகிறோம், எண்ணில் என்ன இருக்கிறது' என்று ஆறுதல் சொல்வது எளிது. ஆனால் அவர்களின் வருத்தம் அற்பமானதல்ல. ஒரு மனிதர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதில் ஆசை கலந்துவிடும். வீட்டார் சொல்வதில் பாசம் கலக்கும். அலுவலகம் சொல்வதில் அந்த வருடத்து வரவுசெலவு கலக்கும். அளந்த சாலையும் ஓடும் கடிகாரமும் சொல்வதில் இவை எதுவும் கலப்பதில்லை. போன வருடத்தைவிட இந்த வருடம் தேறியிருக்கிறோமா என்ற கேள்விக்கு முகம் பார்க்காமல் பதில் சொல்லும் இடங்கள் வாழ்க்கையில் மிகச் சில. அப்படி ஓர் இடம் கிடைத்தது என்று மூன்று வருடம் நம்பியவர்கள் அவர்கள்.

அந்தப் பதிலுக்காகத்தான் ஐந்து கிலோமீட்டரை 25 நிமிடத்துக்குள் முடிக்க ஒருவர் மாதக்கணக்கில் பாடுபடுகிறார். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லும்போது சாதாரணமாகத் தெரியும். சாலை ஓட்டத்தில் நேரத்தை மேல்நோக்கியே முழு விநாடியாக்குவார்கள். 24 நிமிடம் 59.1 விநாடியில் கோட்டைத் தொட்டவருக்கும் ஏட்டில் 25:00 என்றுதான் விழும். இந்த முழு எண்ணின் ஈர்ப்பு பெரிது. ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் நேரங்களைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், மூன்று மணி, மூன்றரை மணி, நான்கு மணி ஆகியவற்றுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்துகிடப்பதைக் காட்டினார்கள். அந்த எல்லைகளுக்கு அருகில் வருபவர்கள் கடைசித் தூரத்தில் எப்படியோ கொஞ்சம் வேகத்தைத் திரட்டிக்கொள்கிறார்கள். தசைக்கு நான்கு மணி என்றால் என்ன என்று தெரியாது. மனம் சொல்லித்தான் கால் கேட்கிறது.

ஐந்து கிலோமீட்டரில் மனத்துக்கும் காலுக்குமான இந்தப் பேரம் மூன்றாவது கிலோமீட்டரில் நடக்கும். முதல் கிலோமீட்டர் ஏமாற்றும்: ஓய்ந்திருந்த கால், சுற்றிலும் கூட்டம், 4:40-இல் ஓடியும் மூச்சு வாங்கவில்லை. மிச்சம் பிடித்த அந்த இருபது விநாடியைச் சாலை வட்டியுடன் திருப்பி வாங்கும். மூன்றாவது கிலோமீட்டரில் உடல் உள்ளிழுக்கும் ஆக்சிஜன் அதன் உச்சவரம்பை நெருங்கியிருக்கும். தொடையில் கனம் ஏறும். தொடங்கிய ஆரவாரம் பின்தங்கிவிட்டது, முடிவுக் கோடு இன்னும் கண்ணில் படவில்லை. கொஞ்சம் தளர்த்தினால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் அங்கேதான் வரும். அங்கே தளராமல் அடுத்த ஆறேழு நிமிடத்தை ஓடத்தான் வாரம் ஒருநாள் 800 மீட்டரையோ ஒரு கிலோமீட்டரையோ வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மறுபடி ஓடும் பயிற்சி. ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் சட்டோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப டஜன் கணக்கில் ஓடிப் பயின்றவர்.

புதிதாக ஓட வருபவருக்கு முதல் வருடத்தில் நிமிடங்களாகக் குறையும். அதன் பிறகு விநாடிகள்தான். உச்சத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் எளிதில் கிடைப்பதில்லை. உகாண்டாவின் ஜோஷ்வா செப்டெகெய் 2020 பிப்ரவரியில் மொனாக்கோவில் ஐந்து கிலோமீட்டரை 12:51-இல் ஓடினார். எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி 2021-இன் கடைசி நாளில் பார்சிலோனாவில் 12:49-இல் ஓடினார். உலகிலேயே வேகமான கால்கள் இரண்டு விநாடியைப் பெற ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. அதே பார்சிலோனா சாலையில் 2024 டிசம்பர் 31 அன்று கென்யாவின் பீட்ரிஸ் செபெட் 13:54-இல் முடித்து, இந்தத் தூரத்தை 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் ஆனார்.

எண்ணின் மீது ஆசை முற்றினால் அளவையே வளைக்கத் தோன்றும். கென்யாவின் ரோனெக்ஸ் கிப்ருட்டோ 2020 ஜனவரியில் வலென்சியாவில் பத்து கிலோமீட்டரை 26:24-இல் ஓடி உலக சாதனை படைத்தார். அவரது ரத்தப் பரிசோதனைப் பதிவுகளில் ஊக்கமருந்தின் தடயம் இருந்ததாக 2024-இல் தீர்ப்பாகி, ஆறு வருடத் தடையுடன் அந்தச் சாதனையும் அழிக்கப்பட்டது. சாலையின் நீளம் சரியாக இருந்தது, கடிகாரம் சரியாக ஓடியது, ஓடிய உடல் மட்டும் நம்பத்தக்கதாக இல்லாமல் போயிற்று.

காலணி விஷயம் இவ்வளவு தெளிவானதல்ல. 2017-இல் நைக்கி நிறுவனம் கார்பன் தகடும் தடித்த நுரையும் கொண்ட காலணியைக் கொண்டுவந்தது. ஓடுவதற்கான ஆற்றல் செலவை அது சராசரியாக நான்கு சதவீதம் குறைப்பதாக கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்தது. 2020-இல் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்டக் காலணியின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. அதற்குட்பட்ட காலணி அணிந்து ஓடுவதில் தவறில்லை. ஆனால் பழைய காலணியில் 25:30 ஓடிய ஒருவர் புதியதில் 25:00 ஓடினால், அந்த முப்பது விநாடியில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று தனக்குள்ளாவது கேட்டுக்கொள்ள வேண்டும். வானிலைக்கும் இது பொருந்தும். சென்னையில் விடிவதற்கு முன் ஓடினாலும் காற்றின் ஈரம் வியர்வையை உலர விடுவதில்லை. உடல் சூட்டைத் தணிக்கவே ரத்த ஓட்டத்தின் ஒரு பங்கு போய்விடும். கடற்கரைச் சாலையில் தன் நேரம் குறையவில்லையே என்று தவிப்பவர் குளிர்ந்த ஊர் ஒன்றில் ஓடினால் அதே உடல் வேறு எண்ணைத் தரலாம். எண் பொய் சொல்வதில்லை, ஆனால் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் துரத்தலுக்கு விலையும் உண்டு. எல்லா ஓட்டத்தையும் தேர்வாக்கிக்கொள்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கும், குதிகால் நாண் வீங்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பவர்கள் காத்திருந்து சலிப்பார்கள். வருடத்தில் இரண்டு மூன்று பந்தயங்களில் மட்டும் கடிகாரத்தின் முன் நின்று, மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடுமளவு மெதுவாக ஓடுவதே நல்ல பயிற்றுநர்கள் சொல்லும் வழி. வேகம் கூடுவதற்கும் அதுதான் வழி.

லண்டனின் புஷி பார்க்கில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். பால் சின்டன்-ஹெவிட் தொடங்கிய அந்த ஓட்டம் பார்க்ரன் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் இலவசமாக நடக்கிறது. 2024 பிப்ரவரியில் அந்த அமைப்பு, எந்தப் பூங்காவில் யார் மிக வேகமாக ஓடியவர் என்பது போன்ற சாதனைப் பட்டியல்களைத் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது. புதியவர்கள் மிரண்டுவிடக் கூடாது என்பது அவர்கள் தரப்பு. வேகத்தைக் கொண்டாடுவதில் என்ன தவறு என்று எதிர்ப்பும் கிளம்பியது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் சிறந்த நேரத்தைக் காட்டுவதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. முப்பத்தெட்டு நிமிடத்தில் வருபவர் முப்பத்தேழரையில் வந்தாலும் முடிவுப் பட்டியலில் அது குறிக்கப்படும். பிறரோடு ஒப்பிடுவதை விட்டுவிட முடிந்தவர்களாலும் இதை விட முடியவில்லை.

பிறகு வயது வரும். எல்லோருடைய சிறந்த நேரமும் ஏதோ ஒரு நாளில் ஓடியதாகவே நின்றுவிடும். அதுதான் கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இதற்காக மூத்தோர் தடகளத்தில் வயதுத் தரம் என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய உச்ச நேரம் 15 நிமிடம் என்றால், அதை 20 நிமிடத்தில் ஓடுபவருக்கு 75 சதவீதம். அறுபதில் ஓடும் நேரம் நாற்பதில் ஓடியதைவிட அதிகமானாலும் சதவீதம் ஏறியிருக்கலாம். கனடாவின் எட் விட்லாக் தன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் ஓடிப் பயின்றவர். 73 வயதில் மாரத்தானை 2:54:48-இல் முடித்தார். 2018-இல் அமெரிக்காவின் ஜீன் டைக்ஸ் 70 வயதில் 2:54:23 ஓடினார். முறையாக அளந்த பாதைதான். ஆனால் அந்தப் பந்தயத்துக்குத் தேசிய அமைப்பின் அனுமதி இல்லாததால் சாதனையாக ஏற்கவில்லை. எழுபதிலும் விதி விட்டுக்கொடுக்கவில்லை.

வயதுத் தரத்தின் பெயரில் பழைய நேரத்தை ஒதுக்கிவிடத் தேவையில்லை. முப்பத்தைந்தில் ஓடிய 22:40 ஒரு பக்கம், ஐம்பத்தெட்டில் ஓடிய 26:15 இன்னொரு பக்கம், இரண்டையும் தேதியுடன் ஒரே நோட்டில் எழுதி வைக்கலாம். முதல் எண் முடிந்த கணக்கு. இரண்டாவதில் இன்னும் சில விநாடி குறையுமா என்று அடுத்த குளிர்காலத்துப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துப் பார்க்கலாம். பெயர் கொடுக்குமுன் அந்தப் பாதை முறைப்படி அளந்ததுதானா என்று விசாரித்துவிடுவது நல்லது.